பிள்ளை வயிறு கேட்கும் பால்



இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். கோடு போட்ட நோட்டுத் தாளில் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். எழுதியவர் சிவகாசிப் பக்கம், திருத்தங்கலைத் தாண்டி ஒரு கிராமத்துப் பெண். பட்டாசு ஆலையில் வேலை. வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வேலை. தலைச்சன் பெண் குழந்தை பிறந்து எழுபது நாள் ஆகிறது. கடிதத்தின் நடுவில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்:

"பிள்ளை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மஞ்சமஞ்சேன்னு தண்ணியா வெளிக்கிப் போகுது. 'உன் பால் பிள்ளை வயித்துக்குச் சேரலத்தா, டின் பாலுக்கு மாத்திரு'ன்னு எங்க அத்தை சொல்றாக. டின்னும் வாங்கி வச்சிட்டாக. எதுத்த வீட்டுப் பிள்ளைக்கு டின் பால்தான். காலண்டர்ல போட்ட பாப்பா மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் போகுது, அதுவும் கெட்டியா. என் பாலுல என்னக்கா குறை?"

ஒரு குறையும் இல்லை தாயி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசுவோம்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை முதல் ஒன்றரை மாதம், இரண்டு மாதம் வரை நாளுக்கு ஆறு, எட்டு, பத்துத் தடவை கூடப் போகும். கடுகை அரைத்துக் கரைத்த மாதிரி மஞ்சளாக, சிறு விதைபோலத் திப்பி திப்பியாக, கொஞ்சம் புளித்த வாடையோடு இருக்கும். அது வயிற்றுப்போக்கு இல்லை. அதே பிள்ளை இன்னும் கொஞ்ச நாளில் நாலு நாள், ஐந்து நாள் போகாமலும் இருக்கும். அப்போது வீட்டில் விளக்கெண்ணெயைத் தேடுவார்கள். அதுவும் தேவையில்லை. பிள்ளை நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா? இந்த மூன்றையும் பாருங்கள். அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். ரத்தமோ சளியோ கலந்து போனால், காய்ச்சல் இருந்தால், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எதிர் வீட்டுப் பிள்ளைக்கு ஏன் கெட்டியாகப் போகிறது? மாட்டுப் பாலின் புரதத்தில் பெரும்பங்கு கேசீன் என்ற வகை. வயிற்று அமிலம் பட்டதும் அது கட்டி கட்டியாகத் திரைந்துகொள்ளும். தாய்ப்பாலில் கேசீன் குறைவு. மெல்லிய பஞ்சுபோலத் திரைந்து சீக்கிரம் இறங்கிவிடும். டின் பாலைத் தாய்ப்பாலுக்கு நெருக்கமாகக் கொண்டுவர என்னென்னவோ செய்கிறார்கள். ஆனாலும் அதில் சேர்க்கும் பாமாயிலின் கொழுப்பு, குடலில் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்புபோல இறுகி மலத்தோடு போய்விடுகிறது. கெட்டியாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கெட்டியாகப் போவது நன்றாகச் செரித்ததற்கு அடையாளம் என்று எண்ண வேண்டாம்.

இந்தக் கடிதத்தை நான் தனியாக எடுத்து வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1979ல் எனக்கும் அந்த வயதுதான். அதே வெயில், அதே ஊர்ப் பக்கம். என் மூத்தவன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தான். முதல் பாலைப் பீச்சிக் கீழே ஊற்றச் சொன்னார்கள். 'மஞ்சப்பால், பிள்ளைக்கு மாந்தம் வரும்' என்று பேச்சு. அதற்கு முன்பே குடும்பத்தில் ஒரு பெரியவர் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைத்தாயிற்று. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாய்க் கிடந்தது. பிள்ளையால் கவ்வ முடியவில்லை. அழுதான். அங்கிருந்த ஒரு அம்மா டின்னும் புட்டியும் கொண்டுவந்து, 'இதைக் கொடும்மா, பிள்ளை கொழுகொழுன்னு இருக்கும்' என்றார். இருந்தான், இரண்டு மாதம். சித்திரை பிறந்தது. கிணறு வற்றி, ஒரு குடம் தண்ணீருக்குத் தெருக்கோடியில் காத்து நின்ற வருஷம் அது. அந்தத் தண்ணீரில் புட்டியைக் கழுவி, அதே தண்ணீரில் மாவைக் கரைத்தேன். டின் விலையை நினைத்து ஒரு கரண்டி குறைத்தும் போட்டேன். பிறகு வந்ததுதான் நிஜமான வயிற்றுப்போக்கு. ஒன்பது நாள் மதுரையில் கிடந்தோம். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடி நிற்கும். பிழைத்தான். இன்று அவனுக்கே கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். பின்னாளில் நான் கிராமச் சுகாதாரச் செவிலியராகி முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியதற்கு அந்த ஒன்பது நாள்தான் காரணம்.

சரி, வயிற்றுக்குள் போவோம்.

பிறந்த பிள்ளையின் குடல் பூச்சு வேலை முடியாத வீடு. சுவர் எழும்பியிருக்கும், சந்துகள் அடைபட்டிருக்காது. குடலின் உள்பக்கத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் நுண்ணறைகளுக்கு நடுவே இடைவெளி சற்று அதிகம். பெரிய புரதங்களும் கிருமிகளும் அதன் வழியாக உள்ளே நுழைந்துவிட முடியும். இந்த நேரத்தில்தான் சீம்பால் வருகிறது. முதல் நாள் ஒரு வேளைக்குச் சில தேக்கரண்டிகூட வராது. 'ஒரு சொட்டுத்தானே' என்று பிதுக்கிக் கொட்டிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொட்டில் நோய் எதிர்ப்புப் பொருள் செறிந்திருக்கிறது. ஐ.ஜி.ஏ. என்று பெயர். அது செரித்து ரத்தத்தில் கலப்பதற்காக வருவதில்லை. குடல் சுவரின் மேல் மெழுகுபோலப் படிந்து, கிருமி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. தாய் எந்த வீட்டில் இருக்கிறாளோ, எந்தத் தெருத் தண்ணீரைக் குடிக்கிறாளோ, அந்த இடத்துக் கிருமிகளுக்கு எதிராகவே அவள் உடம்பு அதைத் தயாரிக்கிறது. திருத்தங்கல் பிள்ளைக்குத் திருத்தங்கல் கிருமியைத் தெரிந்துவைத்திருக்கும் பால். வேறு ஊரில் கலந்து அடைத்து வருகிற டின்னுக்கு அது எப்படித் தெரியும்?

இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின் என்ற புரதமும் அந்தப் பாலில் உண்டு. குடல் அறைகளைப் பெருகச் செய்து இடைவெளியை மூடவைக்கும் வளர்ச்சிப் பொருள்களும் உண்டு. பன்றிக்குட்டிகளை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தாயிடம் குடித்த குட்டியின் சிறுகுடல் முதல் நாளிலேயே கனத்து நீண்டது. வெறும் தண்ணீர் குடித்த குட்டிக்கு அப்படி வளரவில்லை. மனிதப் பிள்ளையைக் கீறிப் பார்க்க முடியாது. ஆனால் செரிக்காத ஒரு சர்க்கரையைக் கொடுத்து, அது சிறுநீரில் எவ்வளவு வருகிறது என்று அளந்து குடலின் கசிவைக் கணக்கிட வழி இருக்கிறது. தாய்ப்பால் கிடைத்த குறைமாதப் பிள்ளைகளுக்குக் கசிவு குறைவு என்று அதில் தெரிந்தது.

குறைமாதப் பிள்ளைகளின் கதையில்தான் இந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினையாகிறது. அவர்களுக்குச் சில சமயம் குடலின் ஒரு பகுதியே அழுகிவிடும் கொடிய நோய் வரும். 1990ல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஆலன் லூகாஸ் என்ற மருத்துவரும் கூட்டாளியும் எழுதினார்கள். பவுடர் பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்தது. இரண்டையும் கலந்து குடித்தவர்களுக்கும் பவுடர் மட்டும் குடித்தவர்களைவிட ஆபத்து குறைவாகவே இருந்தது. பெரிய அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி வைப்பது இதனால்தான். ஆசியாவில் முதல் வங்கி 1989ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. தன் பிள்ளை குடித்து மிஞ்சிய பாலை ஒரு தாய் கொடுக்க, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் குடல் தப்பிக்கிறது.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பொறுமையாகக் கேளுங்கள்.

தாய்ப்பாலில் அதிகமாக இருக்கும் திடப்பொருள் பால் சர்க்கரை. அடுத்தது கொழுப்பு. மூன்றாவது என்ன? புரதம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். இல்லை. ஒலிகோசாக்கரைடு என்ற சங்கிலிச் சர்க்கரைகள். லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை, சீம்பாலில் அதற்கும் மேலே. ஏறக்குறைய 200 வகை. வேடிக்கை என்னவென்றால் பிள்ளையால் இவற்றைச் செரிக்கவே முடியாது! பெற்றவள் தன் உடம்பை உருக்கி இவ்வளவையும் எதற்காகச் செய்கிறாள்?

விடை பாரீசில் தொடங்கியது. 1900ஐ ஒட்டி பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி திசியே என்ற மருத்துவர், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளின் மலத்தில் கவட்டைபோல இரண்டாகக் கிளைத்த ஒரு நுண்ணுயிரைக் கண்டார். பிஃபிடோ பாக்டீரியா என்று இன்று சொல்கிறோம். அது தாய்ப்பாலில் ஏன் அவ்வளவு செழிக்கிறது என்று 1950களில் பால் கியோர்கி, ரிச்சர்டு கூன் போன்றவர்கள் தேடிப்போய், கடைசியில் இந்தச் சங்கிலிச் சர்க்கரைகளில் வந்து நின்றார்கள். அந்தச் சாப்பாடு பிள்ளைக்கு இல்லை, பிள்ளை வயிற்றில் குடியிருக்கும் அந்தக் கிருமிக்கு. கோழிக்குத் தனியாகக் கம்பு போடுகிறோமே, அதுபோல. பந்தியில் பிள்ளைக்கு ஒரு இலை, அதன் விருந்தாளிக்கு ஒரு இலை.

விருந்தாளி சும்மா தின்றுவிட்டுப் போவதில்லை. அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. குடல் லேசாகப் புளிக்கிறது. புளிப்பு ஏறிய ஊறுகாயில் பூஞ்சை பிடிக்காது என்பது நமக்குத் தெரியும். அதேபோல அந்தப் புளிப்பில் சீக்குக் கிருமிகள் தலையெடுப்பதில்லை. அந்த அமிலமே குடல் சுவருக்கும் ஆகாரம். உங்கள் அத்தை முகம் சுளித்த அந்தப் புளித்த வாடை இருக்கிறதே, அது இந்த வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி. டின் பால் குடிக்கும் பிள்ளை வயிற்றில் புளிப்பு குறைவு. கிருமிக் கூட்டமும் பலதரப்பட்டது, பெரியவர்கள் வயிற்றுக் கூட்டத்தின் சாயலில். ஸ்வீடனில் 98 தாய்–சேய்களைக் கவனித்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், குடலின் கிருமிக் கூட்டம் பெரியவர்களுடையது மாதிரி மாறுவது சோறு ஊட்டத் தொடங்கும்போது அல்ல, தாய்ப்பாலை நிறுத்தும்போதுதான் என்று கண்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது இன்னும் முக்கியம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 45 பேறுகாலம் ஆபரேஷன். இயல்பாகப் பிறக்கும் பிள்ளை வரும் வழியிலேயே தாயின் நல்ல கிருமிகளை வாங்கிக்கொண்டு வருகிறது. ஆபரேஷனில் பிறந்ததற்கு அந்தச் சீர் குறைந்துபோகிறது. அதை ஓரளவு ஈடுகட்டுவது தாய்ப்பால். ஆனால் அதே கணக்கெடுப்பு சொல்வது: பிறந்த ஒரு மணிக்குள் பால் கிடைத்த பிள்ளைகள் நூற்றுக்கு சுமார் 60. ஆறு மாதத்துக்குள் வேறு எதுவும் கலவாமல் தாய்ப்பால் மட்டும் பெறுபவர்கள் சுமார் 55. பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. இருந்தும் இந்தக் கணக்கு. ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு மயக்கம் தெளிந்ததும், ஒருக்களித்துப் படுத்தபடியே பால் கொடுக்கலாம். பக்கத்தில் யாராவது பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஆறு மாதம் வரை வேறு எதுவும் வேண்டாம் என்று சொன்னால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இரண்டு மனத்தாங்கல். ஒன்று, 'இந்த வெயிலுக்குத் தண்ணிகூடக் கொடுக்கலைன்னா நாக்கு வறண்டுராதா?' வறளாது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தாகம் எடுத்தால் பிள்ளை இன்னொரு தடவை குடித்துக்கொள்ளும். தண்ணீரை அம்மா குடிக்கட்டும். இரண்டாவது சேனை. நல்ல குணமுள்ளவர் சேனை வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அழகான நம்பிக்கை, நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் அந்தப் பூச்சு முடியாத வீட்டுக்குள் முதல் விருந்தாளியாகப் போகவேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை பிள்ளையின் குடலில் முளைத்து, நரம்பைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைக் கக்கும். நல்ல குணமுள்ள அந்தப் பெரியவர் பிள்ளையைத் தூக்கித் தாயின் மார்பில் போடட்டுமே. அதுவும் சேனைதான் என்று நான் போன வீடுகளில் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

காலண்டர் பாப்பாவுக்கு வருகிறேன். சிவகாசி அச்சகங்களில் ஆண்டாண்டாக அச்சான அந்தக் கொழுகொழு முகம், தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்கி, பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நம் மனதில் பதிந்துபோயிருக்கிறது. டின் பால் குடிக்கும் பிள்ளைக்கு மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு எடை கூடுதலாக ஏறுவது உண்மைதான். அது பலமல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை வைத்துத் தயாரித்தது. ஆறு நாட்டுப் பிள்ளைகள், அதில் நம் டில்லிப் பிள்ளைகளும் உண்டு. அங்கன்வாடி அட்டையில் இருப்பது அந்தக் கோடுதான். உங்கள் பெண் அந்தக் கோட்டோடு போனால் காலண்டரைப் பார்க்கவேண்டாம்.

இன்னொன்று கவனித்தீர்களா? காலண்டரில் பாப்பா இருக்கும், பால் டின்னில் பாப்பா படம் இருக்காது. 1992ல் வந்த சட்டம் அதைத் தடுக்கிறது. விளம்பரம் கூடாது, இலவசமாகக் கொடுக்கக் கூடாது, தாய்ப்பாலே சிறந்தது என்று டின்னிலேயே அச்சிட வேண்டும். சும்மா வந்த சட்டம் இல்லை. 1939ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், செவிலியர்போல வெள்ளை உடுப்பு மாட்டிய பெண்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் இனிப்புக் கட்டிப் பாலைத் தள்ளிவிடுவதைப் பார்த்துக் கொதித்து, 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். கேட்டவர்கள் ரோட்டரி சங்கத்துப் பெரிய மனிதர்கள். அந்தக் கோபம் உலக விதியாக வர 1981 ஆயிற்று. எனக்கு 1979ல் டின் கொண்டுவந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். அவர் மேல் இப்போது கோபம் இல்லை. அவருக்கும் யாரோ சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

டின் பாலை விஷம் என்று சொல்ல வரவில்லை. தாயை இழந்த பிள்ளை உண்டு. தாய்ப்பால் கொடுக்கக்கூடாத மருந்து சாப்பிடும் தாய் உண்டு. பால் சர்க்கரையின் ஒரு கூறைச் செரிக்கவே முடியாத பிறவிக் கோளாறோடு வரும் பிள்ளை உண்டு. தாய்ப்பால் வங்கி இல்லாத இடங்களும் உண்டு. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் 1950களில் எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பால் மாவு செய்யும் வழி கண்டதே, அது அமுல் மூலம் கடைக்கு வந்ததே, அதனால் பிழைத்த பிள்ளைகள் ஏராளம். ஒரு வயதுக்குள் வெறும் மாட்டுப் பாலைக் கொடுத்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து சோகை பிடிக்கும். அதைவிட டின் பால் எவ்வளவோ மேல். இப்போது சில டின்களில் அந்தச் சங்கிலிச் சர்க்கரையில் ஒன்றிரண்டை ஆலையில் செய்து சேர்க்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் 200ல் ஒன்றிரண்டு. எதிர்ப்புப் பொருள் அதில் கிடையாது.

டாக்டர் சொல்லி டின் பால் கொடுக்கும் தாய் தன்னைக் குறைவாக நினைத்து அழவேண்டியதில்லை. சுத்தமாகக் கொடுக்கத் தெரிந்தால் போதும். மாவு கிருமியற்றதல்ல. நன்றாகக் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, அரை மணிக்கு மேல் விடாமல், சூடு இருக்கும்போதே மாவைப் போட்டுக் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்கவேண்டும். டின்னில் போட்டிருக்கும் கரண்டிக் கணக்கு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என்னைப்போல விலையைப் பார்த்துக் குறைக்காதீர்கள். மிஞ்சியதைக் கீழே ஊற்றிவிடுங்கள். கேன் தண்ணீர் சுத்தமாயிற்றே என்று கொதிக்க வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

எல்லாமே தாய்ப்பாலுக்குச் சாதகம் என்று நான் ஒரு பக்கமாகவே பேசுவதாக நினைக்கக்கூடாது என்பதற்காக வேலூர்க் கதை ஒன்று. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பச்சிளம் பிள்ளைகளைத் தாக்கும் ரோட்டா வைரஸைப் பல வருஷமாக ஆராய்ந்து வருகிறார்கள். 2018ல் வந்த ஆய்வு ஒன்று எல்லோரையும் திகைக்க வைத்தது. பிறந்த பிள்ளைகளையே குறிவைக்கும் ஒருவகை ரோட்டா வைரஸுக்கு, தாய்ப்பாலின் சில சங்கிலிச் சர்க்கரைகள் தடையாக இல்லாமல் துணையாகவே இருந்தன! கிருமியும் காலகாலமாகக் கற்றுக்கொள்கிறது போலும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மற்ற காவல் எல்லாம் அதே பாலில்தானே இருக்கிறது. இதில் நமக்கு உள்ள சேதி, பால் கொடுக்கிறோமே என்று தடுப்பு மருந்தை விட்டுவிடக் கூடாது என்பது. ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். உங்கள் பெண்ணுக்கு எழுபது நாள் என்கிறீர்கள், அப்படியானால் இரண்டாவது தவணை வந்துவிட்டது. போட்டாயிற்றா?

இனி வேலை. கடிதத்தின் கடைசியில், 'அடுத்த மாசம் ஆலைக்குப் போகணும், அப்ப என்ன செய்ய' என்று கேட்டிருக்கிறார். சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகு பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை உண்டு. சட்டம் இருப்பதும் கிடைப்பதும் வேறு வேறு என்பது பீஸ் ரேட்டில் திரி முடைந்த கைகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். ஒருவராகக் கேட்பதைவிடப் பத்துப் பேராகக் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

போகத்தான் வேண்டும் என்றால், பாலை நிறுத்தவேண்டியதில்லை. விடியற்காலை வேன் வருமுன் ஒரு தடவை நெஞ்சு நிறையக் கொடுங்கள். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீச்சி மூடி வையுங்கள். நிழலான குளிர்ச்சியில் மூன்று நாலு மணி நேரம் தாங்கும். நம் சித்திரை வெயிலில் அதையும் நம்பவேண்டாம். ஃபிரிட்ஜ் இருந்தால் உள்பக்கமாக வைத்து ஒரு நாள் வரை கொடுக்கலாம். அடுப்பில் வைத்துச் சுடவைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை இறக்கி வைத்தால் போதும். ஆலையில் நெஞ்சு கட்டிக்கொண்டு வலித்தால், மறைவான இடத்தில் பீச்சி விடுங்கள். அப்படியே விட்டால் சுரப்பு குறைந்துவிடும். சாயங்காலம் வந்ததும், பிள்ளை எவ்வளவு அழுதாலும், அலுமினியப் பவுடர் படிந்த சேலையோடு தூக்காதீர்கள். கை, முகம், கழுத்து, மார்பு கழுவி, சேலை மாற்றி, பிறகு எடுங்கள். மருந்துத் தூசி பிள்ளை வாய்க்குப் போகக் கூடாது. இரவுப் பால்தான் சுரப்பைக் காப்பாற்றும், அதைக் குறைக்கவேண்டாம். அப்படியும் ஒரு வேளை பற்றாமல் டின் பால் கொடுக்கவேண்டி வந்தால், கிருமிக் கூட்டம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால் மற்ற வேளைகளையும் விட்டுவிடாதீர்கள். கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் அந்த வயிற்றுக்குக் கணக்கு.

பீச்சி வைத்த பாலை எதில் கொடுப்பது? புட்டி வேண்டாம். ரப்பர்க் காம்பின் இடுக்கில் தங்கும் பால் கிருமிக்குக் கூடு. காம்புக்குப் பழகிய பிள்ளை மார்பைத் தள்ளவும் செய்யும். உங்கள் வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள், பழைய சங்கோ வெள்ளிப் பாலாடையோ இருக்கும். மூக்கு வைத்த அந்தச் சின்னப் பாலாடையைத்தான் இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் புகட்ட வைத்திருக்கிறார்கள். கழுவச் சுலபம், ஒளிந்துகொள்ள மூலை முடுக்கு கிடையாது. பிள்ளையை நிமிர்த்தி மடியில் சாய்த்து, கடைவாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், அது விழுங்கின பிறகு அடுத்தது. இளம் பெண்களுக்கு இது வராது, கை நடுங்கும். உங்கள் அத்தைக்கு வரும். உங்கள் வீட்டுக்காரரை அப்படித்தான் வளர்த்திருப்பார். பிரிக்காத அந்த டின்னைப் பற்றி ஒன்றும் பேசாமல், சங்கை எடுத்துத் தேய்த்து அவர் கையில் கொடுங்கள். 'நான் ஆலைக்குப் போயிட்டா நீங்கதான் அத்தை புகட்டணும்' என்று சொல்லிப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில், ஆறு மாதம் முடிந்ததும் முதல் கவளம் என்ன, கேழ்வரகுக் கூழா குழைந்த சோறா என்று பார்ப்போம். அதற்குள் கேள்வி இருப்பவர்கள் எழுதலாம்.